மிச்சம் மேடத்தின் சரிபார்ப்பு

நகரக் குடிநீர் ஆய்வகத்தின் மாடி அறையில் மிச்சம் மேடம் என்று ஒருவர் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வாழ்கிறது. எந்தக் கணக்கு முடிந்தாலும் விடை என்னவென்று கேட்காமல் "மிச்சம் எவ்வளவு?" என்று கேட்பார். அதனால் வந்த பெயர். பெயர் வைத்தது கீழே பாட்டில் கழுவும் ஆள் என்கிறார்கள். வைத்தவருக்கு விவரம் போதாமல் இல்லை.

மேடத்தின் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நகரத்துக்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறது, ஏரியிலிருந்து வருகிறது, ஆழ்கிணறுகளிலிருந்தும் வருகிறது. எல்லாம் ஒரே தொட்டியில் கலந்து குழாயில் விழுகிறது. இன்றைக்கு ஒரு தெருக்குழாயில் விழும் தண்ணீரில் ஆற்றின் பங்கு எவ்வளவு, கிணற்றின் பங்கு எவ்வளவு? ஒவ்வொரு தண்ணீரிலும் உப்புகள் வேறு வேறு அளவில் இருக்கும். அந்த அளவுகளை ஆற்றுக்கு ஒரு நெடுவரிசை, ஏரிக்கு ஒரு நெடுவரிசை என்று எண்களாக அடுக்குவார். அப்படி அடுக்கியதற்கு அணி என்று பெயர். எந்தப் பங்கில் கலந்தால் குழாய்த் தண்ணீர் வரும் என்று தேடுவதுதான் அவர் நாள் முழுக்கத் தீர்க்கும் சமன்பாடு. கணினி முதலில் ஓர் உத்தேசப் பங்கை எடுத்துக்கொண்டு கலந்து பார்க்கும். குழாய்த் தண்ணீரோடு எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, பங்கைத் திருத்தி, மறுபடி கலக்கும். இப்படியே போய், கடைசியில் குறைக்க முடியாமல் நிற்கும் வித்தியாசம்தான் மிச்சம். அது தூசி அளவுக்கு வந்துவிட்டால் மேடம் டீ குடிக்கப் போய்விடுவார்.

அந்தக் கணினி நிரலில் ஒரு பழைய விதி உண்டு. ஏதாவது ஒரு தண்ணீரின் பங்கு மைனஸில் வந்தால், அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை மறுபடி கணக்கிடு என்பது விதி. நியாயம்தான். குழாயில் விழுந்த தண்ணீரை ஆறு திரும்ப வாங்கிக்கொள்ளாது. அந்த விதியை அங்கே யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் என் கழுத்துக்குக் கத்தியாக வந்தது.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். என் வீட்டுக்காரரும் அதே துறைதான், ஆனால் அவர் பெரிய ஆள். துறைமுகங்களைப் பற்றிய அவருடைய புத்தகங்களைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். கூட்டங்களில் அவருக்கு மாலை விழும்போது நான் பக்கத்தில் நின்று அவருடைய பையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி வெகு காலம் கழித்துத்தான் நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களைப் பற்றிய ஆய்வேடு. பட்டம் வந்து, பதவி உயர்வும் வந்த கையோடு கல்லூரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஆய்வேட்டை எழுதியது நான் இல்லை, என் வீட்டுக்காரர் என்று.

யார் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே எதற்கு அந்த முகம். கல்லூரி மூன்று பேரை வைத்து விசாரணைக் குழு அமைத்தது. நிரூபணமானால் பட்டம் போகும், பட்டத்தோடு வேலையும் போகும். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற முதல்வர், எதையும் பாதி படித்துவிட்டு முழுதாக நம்புகிறவர். ஒருவர் எழுத்தில் வரும் சின்னச் சொற்களை எண்ணினால் எழுதியது யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று எங்கோ படித்திருந்தார். அது பொய்யில்லை. கப்பல், சுங்கம், கூலி போன்ற சொற்கள் எதைப் பற்றி எழுதுகிறோமோ அதனால் வருபவை. கூட, ஆனால், மட்டும், பிறகு, என்று போன்ற சின்னச் சொற்கள் கை தானாக எழுதுபவை. ஆளுக்கு ஆள் அவற்றின் அளவு மாறும், அவரவருக்குள் அதிகம் மாறாது. தலைவருடைய நண்பர் குடிநீர் ஆய்வகத்தின் இயக்குநர். உப்பைப் பிரிக்கும் இயந்திரம் சொல்லைப் பிரிக்காதா என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்.

இப்படியாக என் ஆய்வேடு மிச்சம் மேடத்தின் மேசைக்குப் போனது. என் கட்டுரைகள் ஒரு நெடுவரிசை, என் வீட்டுக்காரரின் புத்தகங்கள் ஒரு நெடுவரிசை, துறையில் மற்றவர்களின் எழுத்து ஒன்று. குழாய்த் தண்ணீரின் இடத்தில் ஆய்வேடு. அறிக்கை ஒரே பக்கத்தில் வந்தது. கணவரின் பங்கு முழுவதும். என் பங்கு பூஜ்யம். மிச்சம் மிகக் குறைவு. கீழே மேடத்தின் கையெழுத்து.

"மிஷின் சொல்லிடுச்சும்மா" என்றார் தலைவர். குரலில் வருத்தம் காட்டினார். "அடுத்த கூட்டத்துல முடிவு எடுத்துடுவோம். அதுக்குள்ள நீங்களா ராஜினாமா குடுத்துட்டா கௌரவமா இருக்கும்."

ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. துறைமுகத்தில் கிழவர்களின் வாயைக் கிளறிக் கிளறி, வெயிலில் நின்று, கால் வீங்கி எழுதியது. அதைப் பூஜ்யம் என்று ஒரு காகிதம் சொல்கிறது. வீட்டுக்கு வந்து அறிக்கையை என் வீட்டுக்காரர் முன்னால் எறிந்தேன். மனுஷர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நான் சில இடங்கள்ல திருத்தினேன்ல, அது காரணமா இருக்குமோ" என்றார்.

"நாலு காற்புள்ளி போட்டீங்க."

"காற்புள்ளி மட்டும் இல்லையே. ரெண்டாவது அத்தியாயத்துல ஒரு வாக்கியம்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தக் குரலில் துளி பெருமை இருந்தது. மற்றவர்கள் சந்தேகப்பட்டதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்தத் துளியைத் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஒல்லியான, ஐம்பதை ஒட்டிய ஒரு பெண்மணி, தோளில் துணிப்பை, செருப்பில் காய்ந்த சேறு.

"மேடம், நான் குடிநீர் ஆய்வகத்துல இருந்து வரேன். உங்க கணக்கைப் போட்டது நான்தான்."

கதவை மூடியிருப்பேன். அவர் கால் வாசற்படிக்கு இந்தப் பக்கம் இருந்தது, அதனால் மூடவில்லை.

"பூஜ்யத்தை நேர்ல பார்த்துட்டுப் போகலாம்னு வந்தீங்களா?" என்றேன்.

"இல்ல மேடம். அந்தக் கணக்கு தப்பு. உள்ள வரலாமா?"

உள்ளே உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை, அவரே கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார். ஆய்வேட்டை மறுபடி புரட்டியபோது, முதல் பக்கத்து நன்றியுரையும் கணக்கில் சேர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். நன்றியுரை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், அது சேரக் கூடாது. அதை மட்டும் எடுத்துவிட்டு, சுத்தமாக இருக்கட்டும் என்று மறுபடி ஓட்டியிருக்கிறார். இந்த முறை ஆய்வேடு முழுவதும் என்னுடையது என்றும், கணவரின் பங்கு பூஜ்யம் என்றும் வந்தது.

அதாவது, என் வீட்டுக்காரருக்கு நான் நன்றி சொன்ன ஒரு பக்கம்தான் அவரை ஆசிரியர் ஆக்கியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை.

"ரெண்டு தடவையும் மிச்சம் கிட்டத்தட்ட ஒண்ணுதான் மேடம். அதைப் பார்த்துதான் போன தடவை கையெழுத்துப் போட்டேன். மிச்சம் கம்மியா இருந்தா விடை சரின்னு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். நிரல்ல ஒரு விதி இருக்கு, மைனஸ் வந்தா பூஜ்யமாக்கிடும். அதை எடுத்துட்டு முதல் கணக்கை மறுபடி பார்த்தேன். சாருக்கு ஒண்ணே முக்கால் பங்கு. உங்களுக்கு மைனஸ் முக்கால்."

"அப்படின்னா நான் எழுதினதையே நான் அழிச்சிருக்கேன்."

"அர்த்தமே இல்லாத எண். அதை முதல்லயே பார்த்திருந்தா எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். விதி அதை மறைச்சிடுச்சு." டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க நெடுவரிசையும் சார் நெடுவரிசையும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. ரெண்டு கிணறு தோண்டியிருக்கு, அடியில ஊத்து ஒண்ணுதான்னு வைங்க. குழாய்ல வர்றது எந்தக் கிணத்துத் தண்ணின்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா மிஷின் சொல்ல முடியாதுன்னு சொல்லாது மேடம், எதையாவது ஒண்ணைச் சொல்லிடும். அதான் கேட்க வந்தேன். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் எழுத்தை ஒருத்தர் திருத்துவீங்களா?"

"திருத்துவோம்" என்றார் என் வீட்டுக்காரர், உள்ளறை வாசலில் நின்றபடி. "கல்யாணமான நாள்ல இருந்தே."

"அப்போ கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது வேணும். ரெண்டு பேருதும்."

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். அன்று செவ்வாய். பரணில் ஏறித் தேடினோம். மாணவியாக இருந்தபோது கல்லூரி மலரில் எழுதிய கட்டுரைகள், அருங்காட்சியகத்துக்கு எழுதிக்கொடுத்த சிறு வழிகாட்டி ஆகியவை எனக்குக் கிடைத்தன. என் வீட்டுக்காரருக்கு யாருமே வாங்காத முதல் புத்தகம் கட்டுக்கட்டாக இருந்தது. மேடம் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இயக்குநருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். குடுத்த அறிக்கையைத் திரும்ப வாங்கினா நம்ம ஆய்வகத்தை யாரு நம்புவாங்கன்னு கேட்டார். தண்ணி அறிக்கையையும் சேர்த்துச் சந்தேகப்படுவாங்களாம். அவர் சொல்றதும் தப்பில்ல." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "வீட்டுல எங்க அண்ணியும் திட்டுறாங்க. மூணு நாளா நான் சரியா சாப்பிடலையாம். போய்ச் சொல்லிட்டு வந்து சாப்பிடு, எங்க உயிரை வாங்காதேன்னாங்க."

அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறவர். அண்ணி பிற்பாடு எனக்கும் பழக்கமானார். நாத்தனாரைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒரு மணி நேரம் குறைதான் சொல்வார், நடுவில் வேறு யாராவது ஒரு குறை சொன்னால் சண்டைக்குப் போவார். கடைக்காரர் பாக்கிச் சில்லறை தப்பாக அதிகம் கொடுத்தால், திருப்பிக் கொடுக்க மழையில் நடந்து போகிற ஜென்மம் என்பார். அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் இருவரையும் ஆய்வகத்துக்கு வரச் சொன்னார். மாடி அறையில் குளோரின் வாடை. சுவரெல்லாம் சீட்டு ஒட்டிய பாட்டில்கள். ஜன்னலுக்குக் கீழே வடிகட்டும் தொட்டிகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேடம் ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பழைய எழுத்துல நெடுவரிசை ரெண்டும் நல்லா விலகி இருக்கு. ஒரு பக்கத்தை எடுத்தாலும் சேர்த்தாலும் விடை அசையல. ஆய்வேட்டுல பத்துல ஒன்பது பங்கு உங்களோடது. மீதி ஒண்ணு சார்."

எனக்கு மூச்சு வந்தது. அத்தனை நாள் அடைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு அழுத்தினார். மேடம் இன்னும் தாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னொரு பக்கம் இருக்கு. போன தடவை சரிபார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். இந்தத் தடவை, யார் எழுதினாங்கன்னு சந்தேகமே இல்லாத எழுத்தைக் குடுத்து, கணக்கு சரியா சொல்லுதான்னு பார்த்தேன். உங்க பழைய கட்டுரை ஒண்ணு, சாரோட பழைய அத்தியாயம் ஒண்ணு. ரெண்டையும் சரியா சொல்லுச்சு." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அப்புறம் சாரோட மத்த புத்தகங்கள். அட்டையில சார் பேர்தானே இருக்கு, சந்தேகம் என்னன்னு அதையும் குடுத்தேன்."

தாளைத் திருப்பினார். மூன்று புத்தகங்கள், மூன்று வரிகள். மூன்றிலும் பத்தில் ஏழுக்கு மேல் என் பங்கு.

எனக்குள் சந்தோஷமா, பயமா என்று சொல்லத் தெரியாத ஒன்று கிளம்பியது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவர் எழுதி என்னிடம் கொடுப்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவேன். இந்த வாக்கியம் நொண்டுகிறது, இதை உடைக்கலாம், இதை முன்னால் கொண்டு வரலாம். முடிக்கும்போது பக்கத்தில் அவருடைய மை குறைவாகவும் என்னுடைய மை அதிகமாகவும் இருக்கும். அதற்கு எங்கள் வீட்டில் திருத்தம் என்று பெயர். வேறு பெயர் இருக்கலாம் என்று இத்தனை வருஷத்தில் எனக்கே தோன்றியதில்லை.

"இது எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். முகத்தில் ஈயாடவில்லை. "அவங்க கேட்டது ஆய்வேட்டைப் பத்திதானே. முதல் பக்கத்தை மட்டும் குடுங்க."

"சரிபார்ப்பைப் பாதி காட்டி, பாதி மறைச்சு நான் கையெழுத்துப் போட முடியாது சார்."

"அப்போ ரெண்டாவது பக்கத்தை நீங்க போடாமலே இருந்திருக்கலாம்."

"போட்டுட்டேனே." அவர் குரல் உயரவில்லை. "உங்களுக்கு வேணாம்னா ரெண்டு பக்கத்தையும் குடுக்கல. முதல்ல குடுத்தது தப்பு, இந்த முறையால யாருன்னு சொல்ல முடியாதுன்னு மட்டும் சொல்லிடுறேன். அதுவும் உண்மைதான்."

"சொல்ல முடியாதுன்னா அவங்க என்ன செய்வாங்க?" என்றேன்.

"அவங்க இஷ்டப்படி செய்வாங்க மேடம்."

அது எனக்கும் தெரிந்ததுதான். தலைவர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார், அவருக்குத் தேவை ஒரு சாக்கு. சொல்ல முடியாது என்பது எனக்குச் சாதகமாகாது. காலையில் போன் செய்யுங்கள் என்றார் மேடம்.

வீட்டுக்கு வந்ததும் நான் அடுப்படிக்குப் போனேன், அவர் தன் அறைக்குப் போனார். இரண்டு பக்கத்தையும் கொடுக்கச் சொல்லலாமா என்று கேட்டால் சரி என்று சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். கேட்க என் வாய் வரவில்லை, எனக்கு வீம்பு அதிகம். என் வேலைக்காக உங்கள் பெயரைக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? கேட்காமல் கொடுத்தால்தான் எனக்கு வேண்டும் என்றும் இருந்தது. விடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். இறங்கி வந்து சட்டைக்கு இஸ்திரி போட்டார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

குழு அறையில் நீள மேசை. ஒரு பக்கம் மூவர், ஓரத்தில் குடிநீர் ஆய்வக இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் பையைத் திறந்தார். எத்தனை தாள் வெளியே வருகிறது என்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பழைய அறிக்கை வந்தது. பிறகு ஒரு தாள். அதன் பின்னால் இன்னொன்று.

"போன தடவை நான் குடுத்த விடை தப்பு சார்" என்று ஆரம்பித்தார். இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தான் எதைப் பார்க்காமல் விட்டேன், எந்த விதி எதை மறைத்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று, யார் மேலும் பழி போடாமல், தன்னையும் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னார். குரல் ஒரே சீராக இருந்தது. நான் வகுப்பில்கூட அப்படிப் பேசினதில்லை.

தலைவர் முதல் தாளைப் படித்தார். இரண்டாம் தாளைப் படித்தார். மறுபடி படித்தார்.

"என்னம்மா இது? சாரோட புத்தகத்தையெல்லாம் இவங்க எழுதினாங்களா?"

"நீங்க கேட்டது ஆய்வேட்டைப் பத்தி சார். இது சரிபார்ப்பு. ஏன் இப்படி வருதுன்னு கணக்குக்குத் தெரியாது. வருதுன்னு மட்டும்தான் தெரியும்."

"கணக்கு மறுபடியும் தப்பா இருக்கலாம்ல?"

"இருக்கலாம். அந்தப் புத்தகங்கள் முழுக்க சாரே எழுதினதுன்னா, என் முறை தப்பு. அப்போ முதல் தாளையும் நீங்க எடுத்துக்கக் கூடாது."

தலைவரின் முகம் தெளிந்தது. அவருக்கு வழி கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். உங்க புத்தகங்களை நீங்கதானே எழுதினீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பொய்யும் இல்லை. துறைமுகம் துறைமுகமாக அலைந்தது அவர், ஆவணம் தேடியது அவர், யோசித்தது அவர். அந்த ஒரு வார்த்தையில் அவருடைய புத்தகங்கள் அவரிடமே இருக்கும், நான் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எழுதினதை இதுவரைக்கும் உலகத்துல ஒரே ஒருத்தர்தான் படிச்சிருக்காங்க சார்" என்றார். "மத்தவங்க எல்லாரும் படிச்சது இவ எழுதினதை."

என் வேலை நிலைத்தது, பட்டமும் நிலைத்தது. மொட்டைக் கடிதம் போட்ட முகம் இன்றும் எதிரில் வந்தால் வணக்கம் சொல்கிறது. மேடத்துக்கு வெளி வேலைகள் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று இயக்குநர் உத்தரவு போட்டார். தண்ணீர் மட்டும் போதும், நிம்மதி என்கிறார் மேடம். மாதத்துக்கு ஒரு தரம் அவர் வீட்டுக்குப் போய், அண்ணியிடம் அவரைப் பற்றிய குறைகளைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

கூட்டம் முடிந்து அன்று வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பாதியில் இருந்த அத்தியாயத்தை எடுத்து எழுத உட்கார்ந்தார். முடித்தபின் என்னிடம் கொடுக்கவில்லை, நேராகப் பதிப்பாளருக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் அது திரும்பி வந்தது. உறையைப் பிரிக்காமல் அவர் மேசையில் வைத்தேன். பிரித்து, நடை பழைய மாதிரி இல்லை என்ற பதிப்பாளரின் குறிப்பைப் படித்துவிட்டு, சாப்பிட வரட்டுமா என்று கேட்டார். வாங்க என்றேன்.